மானத்தின் பேரில்

கடற்கரைச் சாலையில் ஒரு ஐஸ்கிரீம் கடையின் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு தாமரைச்செல்வி அன்றைய மூன்றாவது புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் மாதம். உள்ளே காற்றாடி கிடையாது. கொசுவத்தை மடிக்க மடிக்க வியர்வையில் நழுவியது. கதவை வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தான் அவள் புருஷன் ஹரிகிருஷ்ணன்.

"சீக்கிரம் வா செல்வி. வெளிச்சம் போயிடும்."

"போவட்டும். சூரியனையும் வேற புடவை கட்டிக்கினு வரச் சொல்லுங்க."

முதல் புடவை 2021. இரண்டாவது 2022. இப்போது கட்டுவது 2023. ஒவ்வொரு வருடத்துக்கும் தலைமுடியை மாற்ற வேண்டும். 2021க்குப் பின்னல், 2022க்குக் கொண்டை, 2023க்கு விரித்துவிட்டு ஒரு கிளிப். வெளியே வந்ததும் ஹரி அவள் தோளில் கை போடுவான், கையை நீட்டிப் போனைப் பிடிப்பான், "சிரி" என்பான். எடுத்து முடித்த அடுத்த நொடி தோளிலிருந்து கை இறங்கிவிடும். பேருந்து நின்றதும் கம்பியை விடுவது போல விட்டுவிடுவான். செல்விக்கு எரிச்சல் மூட்டியது புடவை அல்ல, வெயில் அல்ல, அந்தக் கை இறங்கும் வேகம்தான்.

ஜூன் இருபத்துநான்காம் தேதி காலை பத்தரை மணிக்கு இருவரும் பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். செல்வி பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தா வழியாக வந்தது. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ழூரும் மெர்சியும் மட்டும். பிரான்சைக் கண்ணால் பார்த்ததில்லை. கோரிமேட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. ஆனால் அந்தச் சிவப்பு பாஸ்போர்ட் ஒன்று பீரோவில் இருந்ததால், அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் யாரும் நகை பேசவில்லை. "நேஷனாலிட்டி பொண்ணு" என்று தரகர் சொன்னதும் ஹரியின் வீட்டார் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தட்டோடு வந்துவிட்டார்கள். கல்யாணமாகி ஐந்து வருடம் முடிந்ததும் புருஷனும் குடியுரிமைக்கு மனு போடலாம். ஜூனில் ஐந்து வருடம் முடிகிறது.

அவள் கையெழுத்துப் போடாவிட்டால் மனு இல்லை. இது ஹரிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

*

மனு எழுதிக் கொடுப்பவர் கிருஷ்ணசாமி. காந்தி வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கோப்புகள். கோப்பு என்று சொல்ல மாட்டார், தொசியே என்பார். மார்ச் மாதம் அவர்கள் போனபோது கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி இது? எல்லாரும் மூஞ்ச மூடிக்கினு இருக்கீங்க?"

"கொரோனா டைம் சார். இருபது பேருக்குத்தான் பர்மிஷன்."

"மாஸ்க்குக்குப் பின்னாடி இருக்கிறது நீதான்னு யாரு சொல்றது? சரி, அப்புறம் எடுத்ததைக் காட்டு."

அப்புறம் எடுத்தது இரண்டே இரண்டு. ஒன்று ஹரியின் தங்கை கல்யாணத்தில், அதில் செல்வி பாதி வெட்டுப்பட்டிருந்தாள். இன்னொன்று கேஸ் இணைப்புக்காக எடுத்தது.

கிருஷ்ணசாமி ஒரு தாளை எடுத்து வாசித்தார், பிறகு தமிழில் சொன்னார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னி வரைக்கும் வீட்டாலயும் மனசாலயும் ஒண்ணா வாழ்ந்துகினு வரோம். சூர் லொனர். அப்படின்னா மானத்து மேல சத்தியம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். கூப்பிட்டுக் கேள்வி கேட்பாங்க. லீவு நாள்ல இன்னா பண்றீங்க? உங்க பொழுதுபோக்கு இன்னா? நீ இன்னா சொல்லுவ?"

"தூங்குவேன் சார்," என்றான் ஹரி.

"நீ?"

"துணி துவைப்பேன்," என்றாள் செல்வி.

"வெளங்கிடும். போங்க, ரெண்டு பேரும் ஊரைச் சுத்துங்க. ஏதாவது கத்துக்கோங்க. சைக்கிள் ஓட்டுங்க, பெத்தாங்க் ஆடுங்க. வெள்ளைக்காரங்களுக்கு பெத்தாங்க்னா பிடிக்கும். அஞ்சு வருஷத்துக்குப் போட்டோ வேணும். எப்படி எடுப்பீங்கன்னு நான் கேட்க மாட்டேன்."

ஊரைச் சுற்ற அவர்களுக்கு நேரம் இருந்ததே இல்லை. சேதராப்பட்டில் மருந்து பாட்டில் செய்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஹரிக்கு நிரந்தர இரவு ஷிப்ட். ராத்திரி எட்டரைக்குக் கம்பெனி வண்டி ஏறினால் காலை ஏழேகாலுக்கு இறங்குவான். ஏழு ஐம்பத்தைந்துக்கு செல்வி ஸ்கூட்டியைக் கிளப்பிவிடுவாள். சாயங்காலம் அவள் வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான், எழுந்ததும் குளிப்பான், சாப்பிடுவான், போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமையும் உடம்பு பழக்கத்தில் பகல் பூராவும் தூங்கும். ஊரடங்கில் ஊரே வீட்டில் இருந்தபோதுகூட, மருந்து பாட்டில் என்பதால் அந்தக் கம்பெனியை மூடவில்லை.

பேச்செல்லாம் தினசரி காலண்டர் தாளில்தான். கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி ஃபிரிட்ஜில் காந்தத்தை வைத்து ஒட்டுவார்கள். 'தண்ணி கேன் சொல்லவும்.' 'உங்க அம்மா ஆறு தடவை போன். நான் எடுக்கல.' 'ஏன் எடுக்கல?' 'நீங்க எடுங்க.' படித்து முடித்த தாளை செல்வி எறிய மாட்டாள். கரண்ட் பில் குத்தி வைக்கிற கம்பியில் குத்திவிடுவாள். பாசத்தால் அல்ல. நான் சொல்லவில்லை, நீ சொல்லவில்லை என்று சண்டை வரும்போது உருவிக் காட்டுவதற்காக. ஒரு கம்பி நிறைந்ததும் இன்னொரு கம்பி வாங்கினாள். இப்போது அடுக்களை ஜன்னலோரம் நான்கு கம்பிகள் நிற்கின்றன.

மார்ச் கடைசியில் ஹரி வேலையை விட்டான். அவளைக் கேட்கவில்லை. தாளில்கூட எழுதவில்லை. காலையில் வந்து, "நாளைலேர்ந்து போவல, பேப்பர் வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். பாரிசுக்கு வெளியே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அவன் சித்தப்பா மகன் இடம் பிடித்து வைத்திருந்தான். அதற்காகத்தான் ஹரி மெஷின் ஓடுகிற சத்தத்தில் இரவெல்லாம் பிரெஞ்சு வினைச்சொற்களை மனப்பாடம் செய்து, மூன்றாவது முறையில் பரீட்சையும் தேறியிருந்தான். ஐந்து வருடமாக அவளோடு பேச அவனுக்குத் தெம்பு இருந்ததில்லை. பிரெஞ்சு பேசத் தெம்பு இருந்தது.

*

அந்தக் கோடையில் அவர்கள் போகாத இடமில்லை. விடியற்காலையில் வாடகை சைக்கிள் எடுத்து துய்மா வீதியில் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்றார்கள். சுண்ணாம்பாற்றில் படகு ஏறினார்கள். தாவரவியல் பூங்காவில் ஒரே மரத்தை மூன்று பக்கத்திலிருந்து எடுத்தார்கள், மூன்று வருடக் கணக்கு ஆயிற்று. தவளக்குப்பத்தில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று தீபாவளிக்குத் துணி எடுத்த மாதிரி பை தூக்கிக் காட்டினார்கள். ஹரி கிடார் ஒன்று இரவல் வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் கேக் செய்வதாக மாவு பூசிய கையோடு நின்றாள். அந்த மாவில் மறுநாள் தோசை ஊற்றினாள், ஆகவில்லை, கொட்டினாள்.

"கொஞ்சம் சந்தோஷமா இருக்கிற மாதிரி நில்லு," என்பான் ஹரி.

"எந்த வருஷத்து சந்தோஷம் வேணும்?"

"எதுக்கெடுத்தாலும் குத்திக்கினே இரு. ரத்தம் எடுக்கிறவதான நீ."

பெத்தாங்க் மட்டும் வேறு மாதிரி ஆகிப்போனது. கடற்கரைக்குப் பின்னால் ஒரு மண் திடலில் சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் ஆடுவார்கள். சின்ன மரக்குண்டை எறிந்துவிட்டு அதற்குப் பக்கத்தில் போய் விழும்படி இரும்புக் குண்டை வீச வேண்டும். எதிராளியின் குண்டு பக்கத்தில் இருந்தால் அடித்து நகர்த்தலாம். அவ்வளவுதான் ஆட்டம். முதல் நாள் ஹரி போட்டோவுக்காகக் குண்டை ஸ்டைலாகத் தூக்கிப் பிடிக்கப் போய், அது வழுக்கி செல்வியின் இடது கால் கட்டைவிரலில் விழுந்தது. முக்கால் கிலோ இரும்பு.

"அய்யோ, போட்டோ ஆடிப்போச்சு," என்றான் அவன்.

செல்வி அந்தக் குண்டைக் குனிந்து எடுத்தாள். திடலின் கடைசியில் யாரோ வீசியிருந்த குண்டைப் பார்த்து, இருந்த கோபத்தையெல்லாம் கூட்டி எறிந்தாள். ணங்கென்று அடித்து அந்தக் குண்டு கோட்டைத் தாண்டி ஓடியது.

"யாருடி இவ?" என்று ஒரு குரல் கேட்டது. சூசான். பேக்கரியில் விடிகாலை வேலை செய்துவிட்டு சாயங்காலம் திடலுக்கு வருகிறவள். செல்வி வயதுதான் இருக்கும். "என் குண்டை அடிச்சிட்டு சும்மா நிக்கிறா. நாளைக்கு வா, என் டீம்ல நில்லு. வீட்டுக்காரர் வேணாம், அவரு ஆபத்து."

நகம் கறுத்தது. வலி ஒரு வாரம் இருந்தது. செல்வி அந்த ஒரு வாரமும் நொண்டிக்கொண்டே திடலுக்குப் போனாள். வேலை முடிந்து ஸ்கூட்டியை நேராக அங்கே விட்டாள். அடிக்கிற கை என்று அவளுக்குப் பெயர் வந்தது. பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது அவளுக்கு வரவில்லை, அடித்து நகர்த்துவது வந்தது. நரம்பைப் பார்த்து ஊசி இறக்கிப் பழகிய கண் குறி தவறவில்லை.

மே மாதம் ஹரி சொன்னான், "பெத்தாங்க்குக்கு இனிமே போக வேணாம். போட்டோ போதும்."

"போட்டோவுக்கா போறேன்?"

"பின்ன எதுக்கு?"

செல்வி ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டாள். அவள் கேட்டது அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

*

ஜூன் இருபத்துமூன்று. கிருஷ்ணசாமி ஆல்பத்தைத் தயார் செய்து கொடுத்தார். ஐம்பது படம், கீழே ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த குறிப்பு, தேதியோடு. செல்வி அதை வாங்கிக்கொண்டு திடலுக்குப் போனாள். ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. சூசான் பிடுங்கிப் புரட்டினாள்.

"நல்லா சுத்தியிருக்கீங்கடி. இது 2021, இது 2022..." அவள் கண்ணைச் சுருக்கினாள். "ஏன்டி, உனக்கு மூணு வருஷமாவா அந்த நகம் செத்துக் கெடக்குது?"

செல்வி பார்த்தாள். பச்சைப் புடவை, சிவப்புப் புடவை, சுடிதார், எல்லாவற்றுக்கும் கீழே அதே செருப்பு, அதே கறுத்த கட்டைவிரல் நகம். சூசான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்விக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. இதைத் தூக்கிக்கொண்டு போய் மானத்தின் பேரில் என்று கையெழுத்துப் போட இருந்தாள்.

சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சுண்ணாம்பாற்றில் படகு. ஹரி அவள் தோளில் கை போட்டிருந்தான். கீழே: '18 நவம்பர் 2022. விடுமுறை நாளில் மகிழ்ச்சியான படகுச் சவாரி.'

சிரிப்பு நின்றது.

"இன்னாச்சு?" என்றாள் சூசான்.

"ஒண்ணுமில்ல. நான் கெளம்பறேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட விடாமல் அடுக்களைக்குப் போனாள். இரண்டாவது கம்பியில் பாதிக்குக் கீழே இருந்தது அந்தத் தாள். மற்ற தாள்களையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு அதை எடுத்தாள். முன்பக்கம் 18 நவம்பர் 2022, வெள்ளி. பின்பக்கம் அவள் கையெழுத்து: 'ரத்தம் போவுது. ஆஸ்பத்திரிக்குப் போறேன். சோறு குக்கர்ல இருக்கு.' அதற்குக் கீழே அவன் கையெழுத்து: 'சரி. மோட்டார் போட்டாச்சு.'

இரண்டு மாதக் கரு. அவன் ஷிப்ட்டுக்குப் போன பிறகு, ராத்திரி ஆட்டோவில் தனியாகப் போனாள். மறுநாள் மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கக் கலக்கத்தில் சரியாகப் படிக்கவில்லை, வயிற்று வலி என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னான். அதைப் பற்றி அவர்கள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஹரி ஹாலில் நாளைக்கு வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். செல்வி ஆல்பத்தை அந்தப் பக்கத்தில் திறந்து அவன் சட்டைமேல் வைத்தாள். அதன்மேல் தாளை வைத்தாள்.

"படிங்க."

அவன் படித்தான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"தேதியெல்லாம் கிருஷ்ணசாமி சார் போட்டது. எனக்கு எப்படித் தெரியும்? மாத்தச் சொல்றேன்."

"மாத்துறியா? எந்தத் தேதிக்கு மாத்துவ? எந்தத் தேதில நீ என்னைப் படகுல கூட்டிக்கினு போன?"

ஐந்து வருடத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஷிப்ட்டு செல்வி. நான் இன்னா ஊர் மேயவா போனேன்? நம்மளுக்காகத்தான..."

"நம்மளுக்குன்னு சொல்லாத. வேலைய விட்டது நம்மளுக்கா? கேட்டியா? பிரான்சுக்கு நான் வரேனான்னு கேட்டியா? கைய தோள்ல போடுற, கிளிக் ஆனதும் எடுக்கிற. என் தோளு இன்னா பஸ் கம்பியா?"

"இப்ப இன்னாதான் பண்ணணும்ன்ற?"

"நாளைக்கு இந்த ஆல்பம் வராது. இது வரும்." தரையில் கிடந்த தாள்களைக் காட்டினாள். "எல்லாத்துலயும் தேதி இருக்கு. அச்சடிச்ச தேதி. உன் கையெழுத்து இருக்கு, என் கையெழுத்து இருக்கு."

"பைத்தியமா நீ? மோட்டார் போட்டியா, தண்ணி கேன் வந்துச்சா, இதையா காட்டுறது? காறித் துப்பி அனுப்புவாங்க. பூரா சண்டை."

"நாம வாழ்ந்தது அதுதான். மானத்து மேலன்னு எழுதியிருக்கான். உன் மானம் எப்படியோ போவட்டும். கையெழுத்துப் போடப்போறது என் மானம்."

இரவெல்லாம் அவன் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தான். அவள் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி ஷூ பெட்டியில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டாள். எண்ணவில்லை.

*

காலை பத்தேகாலுக்கு அலுவலக வாசலில் ஹரியின் கையில் ஆல்பம் இருந்த பை, அவள் கையில் ஷூ பெட்டி. காவலாளி பைகளைத் திறந்து பார்த்தார்.

"இந்தப் பை உள்ள போனா நான் ஸ்கூட்டி எடுத்துடுவேன்," என்றாள் செல்வி.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பையை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். 

உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஹரி ஒத்திகை பார்த்த வாக்கியங்களைச் சொன்னான். அவர் தலையாட்டினார். புகைப்படங்கள் உண்டா என்று கேட்டார். செல்வி ஷூ பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

ஹரி ஏதோ விளக்கினான். அதிகாரி ஒரு தாளை எடுத்தார், முன்பக்கத்துத் தேதியைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், மொழிபெயர்க்கச் சொல்லி அவனிடம் கொடுத்தார். தண்ணீர் கேன். இன்னொன்று. அவன் அம்மாவின் போன். அதிகாரி லேசாகச் சிரித்தார். இன்னொன்று.

செல்வி தானே ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அதை அவள் அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் தனியாக வைத்திருந்தாள்.

ஹரி அதை வாங்கினான். வாயைத் திறந்தான். ரத்தம் என்ற சொல் அவனுக்குப் பிரெஞ்சில் தெரியும், செல்விக்கும் அது காதில் பட்டது, பரிசோதனைக் கூடத்துக்கு வரும் பழைய பட்டாளத்துக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியும் புரிந்தது. அதோடு அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

அதிகாரி தாளின் கீழ்ப்பகுதியைப் பேனாவால் தொட்டு ஏதோ கேட்டார். இது யார் எழுதியது என்று கேட்டிருக்க வேண்டும். ஹரி தன் நெஞ்சைத் தொட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

அவன் சொன்னான். அதிகாரிக்கு விளங்கவில்லை. எந்த மோட்டார், காரா என்பது போல் கையைச் சுழற்றினார். அவன் மாடித் தொட்டியைக் காட்டுவது போல் மேலே காட்டினான், தண்ணீர் ஏறுவதைக் கையால் காட்டினான். மனைவி ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போவதாக எழுதியதற்குத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிட்டேன் என்று பதில் எழுதினேன் என்பதை அவன் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, ஒரு அந்நியப் பெண்ணிடம், மூன்று முறை பரீட்சை எழுதிக் கற்ற மொழியில் சொல்லி முடித்தான். காது சிவந்துபோயிருந்தது. அதிகாரி இப்போது சிரிக்கவில்லை. செல்வியைப் பார்த்தார். செல்வி பார்வையைத் திருப்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காகிதம் அவள் முன்னால் வந்தது. ஹரி முதலில் போட்டுவிட்டான். பேனாவை அவள் பக்கம் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். போடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

வீட்டால், சரி. மனசால்? ஐந்து வருடம் ஒருத்தன்மேல் கோபம் ஆறாமல் இருக்க வேண்டுமென்றால் அவனோடு வாழ்ந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். இதில் பொய் எதுவும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். அழுத்திப் போட்டதில் தாள் பின்பக்கம் புடைத்தது.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு தாளை மட்டும் நகல் எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஸ்கூட்டியருகில் வந்ததும் ஹரி அவள் தோளில் கை வைத்தான்.

"கேமரா எங்க?" என்றாள் அவள்.

கையை எடுத்தான். "செல்வி, அன்னிக்கு நான்..."

"இப்ப சொல்லாத. அவங்ககிட்ட சொன்ன இல்ல, போதும். பேப்பர் வந்தா நீ போ. நான் வரேனா இல்லையான்னு அப்பக் கேளு. கேக்கணும், ஞாபகம் வச்சிக்கோ." சீட்டைத் திறந்து ஆல்பப் பையை எடுத்து அவன் கையில் திணித்தாள். ஷூ பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினாள். "நான் லேபுக்குப் போறேன். அஞ்சு மணிக்கு எனக்கு ஆட்டம் இருக்கு."

"நானும் வரட்டா?"

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"சூசான்கிட்ட கேட்டுப் பாரு. குண்டை நீ தொடறதுக்கு அவ உடமாட்டா."

வண்டி கிளம்பியது. ஐம்பது பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வெயிலில் நின்றிருந்தான். கண்ணாடியில் தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.